கார்டா, கைப்பேசியா, சாவியா? பணம் செலுத்தவும் கணக்கில் நுழையவும் எதை நம்புவது

காலாவதியான வங்கிக் கார்டு ஒன்றைச் சென்ற மாதம் அசிட்டோனில் ஊறவைத்தேன். மூடி போட்ட கண்ணாடிக் குவளையில் ஓரிரவு கிடந்தது. காலையில் பிளாஸ்டிக் ஏடு ஏடாகப் பிரிந்து சுருண்டிருந்தது. இடுக்கியால் விலக்கிப் பார்த்தேன். கார்டின் ஓரத்தை ஒட்டித் தலைமுடி போன்ற செப்புக் கம்பி சில சுற்றுகள் ஓடியது. அதன் முனைகள் பொன்னிறத் தகட்டின் அருகில் போய்ச் சேர்ந்தன. தகட்டைத் திருப்பினால் பின்பக்கம் கறுப்புப் பிசின் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்தான் சிப் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது.

அது ஒரு முழுக் கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, மறையாக்கக் கணக்குகளை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் கணக்குகளைப் போடத் தனிச் சுற்றும் உண்டு. பேட்டரி மட்டும் கிடையாது. எந்திரத்தில் செருகினால் பொன்னிறத் தகட்டின் வழியே மின்சாரம் வருகிறது. எந்திரத்தின் மேல் காட்டினால், அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வீசும் காந்தப்புலத்திலிருந்து செப்புச் சுருள் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கணம் உயிர் வந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் அணைந்துவிடுகிறது. கார்டின் ஆயுள் முழுவதும் ஒரு ரகசிய எண் அந்தப் பொட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணை வைத்துப் போட்ட கணக்கின் விடை வெளியே வரும், எண் வராது.

பணம் செலுத்தவும் கணக்குகளில் நுழையவும் இன்று வழிகள் பல: சிப் கார்டு, தொடாமல் செலுத்தும் கார்டு, கைப்பேசி, க்யூஆர் குறியீடு, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவிக்குள் இருக்கும் பாஸ்கீ, கணினியில் செருகும் யூஎஸ்பி சாவி. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்தாம். ரகசியம் எங்கே இருக்கிறது, அதை உங்களிடமிருந்து யாராவது ஏமாற்றி வாங்கிவிட முடியுமா? அந்தப் பொருள் தொலைந்துபோகும் நாளில் என்ன செய்வீர்கள்? வேகமும் வசதியும் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பெரும்பாலோர் வசதியை வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, தொலைந்த பிறகுதான் இந்தக் கேள்விகளுக்கு வருகிறார்கள்.

கடை முனையில்: பட்டையும் சிப்பும்

கார்டின் பின்னால் உள்ள காந்தப் பட்டையில் இருப்பது மாறாத தகவல். இன்று தேய்த்தாலும் அடுத்த ஆண்டு தேய்த்தாலும் அதே எண்கள்தான் எந்திரத்துக்குப் போகும். ஏடிஎம் வாயில் ஒரு மெல்லிய படிப்பான் பொருத்தி, மேலே ஒரு சின்னக் கேமராவும் வைத்துவிட்டால், எண்ணும் பின் எண்ணும் மோசடிக்காரர் கையில். அவற்றை வெற்றுக் கார்டில் பதித்தால் போலிக் கார்டு தயார்.

சிப் இந்த இடத்தில்தான் ஆட்டத்தை மாற்றியது. கார்டுக்குள் மின்சுற்றை வைக்கும் யோசனைக்கு 1960களின் கடைசியில் ஜெர்மனியில் ஹெல்முட் குரோட்ரூப், யூர்கன் டெத்லோஃப் இருவரும் காப்புரிமை கோரினார்கள். 1974இல் பிரான்சில் ரோலான் மொரேனோ தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை கோரினார். அந்த நாட்டின் பொதுத் தொலைபேசிகளில் 1983 முதல் சிப் கார்டு பயன்பாட்டுக்கு வந்தது. 1992க்குள் பிரெஞ்சு வங்கிக் கார்டுகள் எல்லாவற்றிலும் சிப் ஏறிவிட்டது. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் 1990களின் நடுவில் வகுத்த பொதுத் தரம்தான் மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்த ஈஎம்வி. நம் கையில் இன்று இருக்கும் வங்கிக் கார்டு அதன் வாரிசு.

ஈஎம்வி கார்டு ஒவ்வொரு முறையும் புதிய விடை ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. தொகை, தேதி, எந்திரம் தரும் ஓர் எதேச்சையான எண், ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும் கார்டின் சொந்த வரிசை எண் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இன்றைய விடையைத் திருடியவருக்கு நாளை அதனால் பயன் இல்லை. மாஸ்டர்கார்டு தன் கார்டுகளில் காந்தப் பட்டையைப் படிப்படியாகக் கைவிட்டு, 2033க்குள் அடியோடு ஒழித்துவிடுவதாக 2021இல் அறிவித்தது. உங்கள் வங்கியின் செயலியில் பட்டைப் பயன்பாட்டை நிறுத்திவைக்கும் வசதி இருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள். எனக்கு அதனால் ஒருநாளும் குறை வந்ததில்லை.

சிப் குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருடிய கார்டுக்கும் எந்திரத்துக்கும் நடுவே ஒரு சுற்றைப் புகுத்தி, எந்தப் பின் எண்ணைப் போட்டாலும் 'சரி' என்று எந்திரத்தை நம்பவைக்க முடியும் என்று காட்டினார்கள். ஆய்வகத்தில்தான் முடியும் என்று சிலர் தள்ளிவிட்டார்கள். பிறகு பிரான்சில் பிடிபட்ட ஒரு கும்பலின் கார்டுகளை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, திருடிய சிப்பின் மேலேயே இன்னொரு சிப்பை ஒட்டியிருந்தது தெரிந்தது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால் கவனியுங்கள்: அதற்கும் அசல் கார்டு திருடன் கையில் இருந்தாக வேண்டியிருந்தது. கார்டு தொலைந்ததை உடனே கவனித்து முடக்கினால் அந்த வித்தை அங்கேயே முடிந்துவிடும்.

தொடாமல் செலுத்தும் முறையைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஓர் எந்திரத்தைப் பையருகே கொண்டுவந்து பணத்தை உறிஞ்சிவிடுவார்கள் என்று. அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் சில சென்டிமீட்டர் நெருக்கம் வேண்டும்; பதிவு பெற்ற வணிகக் கணக்கு வேண்டும்; பின் எண் இல்லாத பரிவர்த்தனைக்கு உச்சவரம்பும் உண்டு. கார்டை வைத்திருப்பவருக்கு உண்மையான ஆபத்து அது அல்ல. தொலைந்த கார்டைக் கண்டெடுத்தவர், நீங்கள் முடக்கும்வரை சின்னச் சின்னத் தொகைகளாகத் தட்டிக்கொண்டே போகலாம் என்பதுதான். அலைகளைத் தடுக்கும் பர்ஸ் வாங்குவதைவிட, ஒவ்வொரு செலவுக்கும் உடனடி அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்வது பல மடங்கு பயன் தரும்.

இனி, சிப்பால் ஒன்றும் செய்ய முடியாத இடம். இணையத்தில் பொருள் வாங்கும்போது கார்டின் முகப்பில் உள்ள எண்ணைத் தட்டச்சு செய்கிறோம். அந்த நேரத்தில் சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. இத்தனை ஆண்டு உழைப்பும் பையில் தூங்குகிறது. நம் கார்டு பழைய காந்தப் பட்டையின் நிலைக்கே திரும்பிவிடுகிறது: மாறாத எண்கள், ஓடிபி கேட்காத தளத்தில் அவற்றை அறிந்த எவரும் பயன்படுத்தலாம். கடைக்காரரின் சேவையகத்திலிருந்து கசிந்தால் அதோடு போயிற்று. கார்டைப் பற்றி யோசிக்கும்போது கடையில் உள்ள கார்டையும் இணையத்தில் உள்ள கார்டையும் இரண்டு வெவ்வேறு பொருள்களாகவே பார்க்க வேண்டும். முன்னது எஃகு, பின்னது காகிதம்.

கைப்பேசி: நல்ல வேலைக்காரன், ஆனால் ஒரே வேலைக்காரன்

2014இல் ஆப்பிள் பே வந்தபோது, கைப்பேசியில் கார்டைப் போடுவது வெறும் சொகுசு என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே நடப்பதைப் படித்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். கைப்பேசியில் உங்கள் கார்டின் உண்மையான எண் உட்காருவதில்லை. வங்கி அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணைக் கொடுக்கிறது. அது அந்தக் கைப்பேசியில் மட்டுமே செல்லுபடியாகும். கடைக்காரருக்குப் போவதும் அந்த மாற்று எண்தான். கூடவே ஒவ்வொரு முறையும் சிப் கார்டைப் போலவே புதிய விடை ஒன்று. மேலும், முகமோ விரல்ரேகையோ காட்டாமல், அல்லது பூட்டு எண்ணைப் போடாமல், கடையில் பொதுவாகப் பணம் போகாது. தொடாமல் செலுத்தும் கார்டை எடுத்தவர் தட்டலாம். பூட்டிய கைப்பேசியை எடுத்தவர் தட்ட முடியாது. கைப்பேசி தொலைந்தால் மாற்று எண்ணை மட்டும் ரத்து செய்தால் போதும். கார்டு பையில் அப்படியே இருக்கும்.

இணையக் கடையிலும் இதே மாற்று எண் முறையில் செலுத்தும் பொத்தான் இருந்தால், கார்டு எண்ணைத் தட்டச்சு செய்வதைவிட அதையே அழுத்துங்கள். கார்டால் முடியாததைக் கைப்பேசி செய்துகாட்டும் இடம் இது. இந்த ஓர் ஒப்பீட்டில் கைப்பேசிக்கே என் வாக்கு, தயக்கமே இல்லை.

ஆனால் ஓர் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். ரயிலை விட்டு இறங்கி வெளிவாயிலுக்கு வந்தபோது கைப்பேசி அணைந்துவிட்டது. பயணச்சீட்டு அதில். வாடகை வண்டியை அழைக்கும் செயலி அதில். பணம் அதில். சரி, அங்கிருந்த கணினியில் மின்னஞ்சலைத் திறந்து உதவி கேட்கலாம் என்றால், உள்ளே நுழைய வேண்டிய குறியீடும் அதற்கே வரும். எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோர்த்து, அந்த வளையத்தைக் கிணற்றில் போட்டவனைப் போல நின்றேன். அறிமுகமில்லாத ஒரு அம்மா தன் மின்னேற்றியைக் கொடுத்தார். பத்து நிமிடம் சுவரோரம் குந்தியிருந்து, திரை வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன்.

சில புதிய கைப்பேசிகளில் பேட்டரி தீர்ந்த பிறகும் பயணக் கார்டு மட்டும் சில மணி நேரம் வேலை செய்யும் வசதி இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையிலிருந்து பறிபோன கைப்பேசிக்கு அது உதவாது. பறிபோவதில் இன்னொரு வகையும் உண்டு. நீங்கள் திரைப் பூட்டு எண்ணைப் போடுவதைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பிறகு கைப்பேசியைப் பறிக்கிறார்கள். அந்த எண்ணைக் கொண்டே கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, உரிமையாளரையே வெளியே தள்ளிவிடுகிறார்கள். இத்தகைய திருட்டுகள் செய்தியான பிறகு, ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 பதிப்பில் திருட்டுக் கைப்பேசிப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. அதன்படி, பழகிய இடத்துக்கு வெளியே முக்கிய மாற்றங்களைச் செய்ய முகமோ விரல்ரேகையோ கட்டாயம். சிலவற்றுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பும் உண்டு. உங்கள் கைப்பேசியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இயக்கிவிடுங்கள். நான்கு இலக்கப் பூட்டு எண்ணையும் மாற்றுங்கள்.

க்யூஆரும் பயணக் கார்டும்

க்யூஆர் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. பணம் செலுத்துவதற்கு அது வந்து சேர்ந்ததில் ஒரு திசை மாற்றம் இருக்கிறது. கார்டில் கடைக்காரர் நம்மிடமிருந்து பணத்தை இழுக்கிறார்; க்யூஆரில் நாம் அவருக்குத் தள்ளுகிறோம். கடையில் எந்திரமே வேண்டாம், அச்சிட்ட ஒரு தாள் போதும் என்பது சிறு வணிகருக்குப் பெரிய வரம். நம் ரகசியம் எதுவும் கடைக்காரருக்குப் போவதும் இல்லை.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தாளில் உள்ள கட்டங்களை மனிதக் கண்ணால் படிக்க முடியாது. கடைக்காரரின் தாள் மேல் வேறொருவர் தன் தாளை ஒட்டிவிட்டுப் போனால், பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. செலுத்தும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது ஒன்றே வழி. மற்றொன்று: பணம் பெறுவதற்காக என்று சொல்லி யாராவது குறியீட்டை அனுப்பிப் பின் எண்ணைப் போடச் சொன்னால், அது மோசடி. பின் எண் வெளியே போகும் பணத்துக்குத்தான்.

பயணக் கார்டு தனி ரகம். வாயிலில் ஆள் நிற்காமல் நடந்துகொண்டே போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஹாங்காங்கில் 1997இல் வந்த ஆக்டோபஸ், ஜப்பானில் 2001இல் வந்த சூயிக்கா இரண்டும் சோனியின் ஃபெலிக்கா சிப்பைக் கொண்டவை. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் வேலையை முடித்துவிடும். முன்பணம் போட்ட கார்டு தொலைந்தால் அதிலுள்ள தொகை மட்டுமே போகும், வங்கிக் கணக்கு தப்பும். அன்றாடச் சிறு செலவுக்கு இந்த எல்லை ஒரு பாதுகாப்பு. குழந்தைகள் கையில் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தக் குடும்பத்தில் பலவீனமான ஒன்றும் உண்டு, அது இன்றும் பல அலுவலகக் கதவுகளில் தொங்குகிறது. மைஃபேர் கிளாசிக் என்ற சிப்பின் மறையாக்க முறையை அதன் தயாரிப்பாளர் ரகசியமாக வைத்திருந்தார். முறை தெரியாததே பாதுகாப்பு என்று நம்பிய வடிவமைப்பு அது. 2007இன் இறுதியில் ஆய்வாளர்கள் சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படம் எடுத்து, சுற்றைப் படித்துவிட்டார்கள். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் அதை முழுதாக உடைத்தார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனமான என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. நீதிமன்றம் வெளியிட அனுமதித்தது. சாவி எல்லாருக்கும் மறைவாக இருக்க வேண்டும், பூட்டின் வரைபடத்தை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்ற நிலையில்தான் நல்ல பூட்டு இருக்க முடியும். கதவைத் திறக்கும் வெள்ளைக் கார்டுகளில் இன்னும் பழையவை தம் எண்ணைக் கேட்டவருக்கெல்லாம் ஒப்பிக்கின்றன, மறையாக்கமே கிடையாது. ஸ்மார்ட் கார்டு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் ஒரே தரம் என்று எண்ணிவிடக் கூடாது. அலுவலகத்துக்கு வாங்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், விற்பவரிடம் சிப்பின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கணக்கில் நுழைய: ஓடிபியின் கதை

பணம் செலுத்துவதில் எந்த வழியை எடுத்தாலும் ஓரளவு வங்கி பின்னால் நிற்கும். கணக்குகளில் நுழைவதில் அப்படி யாரும் நிற்பதில்லை. மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் அதன் வழியே மாற்றிவிடலாம். ஆகவே இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

என் அத்தைக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: பார்சல் வந்திருக்கிறது, முகவரியைச் சரிபாருங்கள். இணைப்பைத் தொட்டார். பக்கம் அசலைப் போலவே இருந்தது. கார்டு எண் கேட்டது, கொடுத்தார். ஆறு இலக்க ஓடிபி வந்தது. அதையும் போட்டார். அடுத்த நிமிடம் பணம் போய்விட்டது. அழுதுகொண்டே அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை: "யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதானே அதில் போட்டிருந்தது? நான் யாரிடமும் சொல்லவில்லையே அப்பா, கட்டத்தில்தானே போட்டேன்." அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. படித்து மனிதன் கையால் எழுதக்கூடிய எந்த எண்ணையும் தவறான இடத்தில் எழுதவைக்க முடியும். குறை அந்த முறையில் இருக்கிறது.

குறுஞ்செய்தி ஓடிபிக்கு இதுபோக இன்னும் இரண்டு கேடுகள். சிம் கார்டும் ஒரு ஸ்மார்ட் கார்டுதான். உள்ளே இருக்கும் ரகசியத்தை எளிதில் எடுக்க முடியாது. ஆனால் சிப்பை யாரும் உடைப்பதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் கவுன்ட்டரில் உள்ளவரை நம்பவைத்து உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிடுகிறார்கள். அடுத்தது, தொலைபேசி வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறை. 2017இல் ஜெர்மனியில் அதன் வழியாகக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பி வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், தொலைபேசி வழியே குறியீடு அனுப்புவதைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்தியது. கடவுச்சொல் மட்டும் வைத்திருப்பதைவிட ஓடிபி நல்லதுதான். வேறு வழியே தராத சேவைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழி இருந்தால் மாறிவிடுங்கள்.

முப்பது நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலி இன்னொரு படி மேல். 2011இல் பொதுத் தரமாக வெளியான முறை அது. தொலைபேசி வலையமைப்பை நம்ப வேண்டியதில்லை, சிம் மாற்றத்தால் பாதிப்பில்லை. ஆனால் அந்த எண்களை உருவாக்கும் ரகசியத்தின் ஒரு பிரதி சேவையகத்திலும் இருக்கிறது. அதே 2011இல் ஆர்எஸ்ஏ நிறுவனத்தில் ஊடுருவியவர்கள் இதேபோல மாறும் எண்ணைக் காட்டும் அதன் செக்யூர்ஐடி கருவிகள் தொடர்பான தகவல்களைத் திருடிவிட்டதால், வாடிக்கையாளர்களின் கருவிகளை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. அத்தையின் கட்டம் இங்கும் அப்படியே காத்திருக்கிறது. செயலி காட்டும் எண்ணையும் அதில் எழுதலாம்.

ஸ்மார்ட் கார்டின் வழி, பாஸ்கீயின் வழி

ரகசியத்தை மனிதர் கண்ணிலேயே காட்டாமல் வைப்பதுதான் மருந்து என்றால், ஸ்மார்ட் கார்டு அதை நெடுங்காலமாகவே செய்து வருகிறது. அமெரிக்கப் படையினர் கணினியில் நுழையக் கார்டைச் செருகிப் பின் எண்ணைப் போடுகிறார்கள். எஸ்டோனியா 2002 முதல் குடிமக்களுக்குச் சிப் அடையாள அட்டை வழங்குகிறது. அதில் இரண்டு பின் எண்கள்: ஒன்று உள்ளே நுழைய, மற்றொன்று சட்டப்படி செல்லும் கையெழுத்துப் போட. நுழைவதும் ஒப்புக்கொள்வதும் வேறு வேறு செயல்கள் என்று அந்த வடிவமைப்பே சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அது.

2017இல் அதே எஸ்டோனியாவுக்குச் சோதனை வந்தது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஃபினியோன் நிறுவனத்தின் சிப்களில் சாவிகளை உருவாக்கும் நிரலில் பிழையைக் கண்டார்கள். வெளியே தெரியும் பொதுச் சாவியை வைத்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க முடியும் அளவுக்குப் பெரிய பிழை. ஏழரை லட்சம் கார்டுகள் பாதிப்பு வட்டத்தில் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் அரசு அவற்றின் சான்றிதழ்களை நிறுத்திவைத்துப் புதுப்பிக்கச் சொன்னது. சிம்மில் இயங்கும் அடையாள முறையான மொபைல்-ஐடி வைத்திருந்தவர்கள் தடையின்றித் தொடர்ந்தார்கள். ஒரே வகைச் சிப்பின் மேல் எல்லாவற்றையும் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் பயன்படுத்துபவருக்குக் கார்டு வழியில் பெரிய தடை படிப்பான்தான். தனிக் கருவி வாங்க வேண்டும், அதற்கு மென்பொருள் நிறுவ வேண்டும், உலாவி மாறினால் மறுபடியும் தொல்லை. நிறுவனத்துக்கு ஆள் இருக்கிறார்கள். தனி மனிதருக்கு இல்லை. அந்தச் சிப்பையே யூஎஸ்பி முனையோடு விரல் அளவுத் துண்டில் அடைத்ததுதான் ஹார்டுவேர் சாவி. அதை உலகம் முழுவதும் ஒரே முறையில் பேசவைத்தது ஃபைடோ தரம். 2019 மார்ச்சில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அந்த முறையை வெப்ஆத்தன் என்ற பெயரில் உலாவிகளுக்கான தரமாக ஏற்றது. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த பாஸ்கீ அதே முறையைக் கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் கொண்டுவந்தது.

இது ஏன் அத்தையைக் காப்பாற்றியிருக்கும்? பதிவு செய்யும்போதே கருவி அந்தத் தளத்தின் முகவரிக்கென்று தனிச் சாவி இணை ஒன்றை உருவாக்குகிறது. பொதுச் சாவி தளத்துக்குப் போகிறது, ரகசியச் சாவி கருவியில் நிற்கிறது. நுழையும்போது தளம் ஓர் எதேச்சையான எண்ணை அனுப்பும். உலாவி, தான் உண்மையில் திறந்திருக்கும் முகவரியை அதோடு சேர்க்கும். கருவி இரண்டையும் சேர்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பும். போலித் தளத்தின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அந்த முகவரிக்குக் கருவியிடம் சாவியே இல்லை. பயனர் அவசரத்தில் இருக்கலாம், களைப்பில் இருக்கலாம், கண் மங்கியிருக்கலாம். முகவரியைச் சரிபார்க்கும் பொறுப்பு இங்கே அவர் தலையில் இல்லை.

2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவன ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. மூன்று பேர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தே விட்டார்கள். அங்கே எல்லாரிடமும் ஹார்டுவேர் சாவி இருந்ததால், திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போக முடியவில்லை. அதே அலையில் ட்விலியோ நிறுவனத்துக்குள் புகுந்துவிட்டார்கள்.

ஹார்டுவேர் சாவிக்கும் பாஸ்கீக்கும் இடையே எதை எடுப்பது? பெரும்பாலான கணக்குகளுக்குப் பாஸ்கீ போதும் என்பேன். அது கணக்கோடு ஒத்திசைந்து உங்கள் எல்லாக் கருவிகளிலும் இருக்கும். ஒரு கைப்பேசி போனாலும் மற்றொன்றில் கிடைக்கும். ஆனால் ஒத்திசையும் கணக்கே அடுத்த இலக்காகிறது. அந்தக் கணக்கை மீட்க இன்னும் குறுஞ்செய்தியே வழி என்றால், நீங்கள் பழைய பலவீனத்துக்கே சுற்றி வந்துவிட்டீர்கள். ஆகவே மின்னஞ்சலுக்கும் அந்த ஒத்திசைவுக் கணக்குக்கும் மட்டும் ஹார்டுவேர் சாவி, மற்றவற்றுக்குப் பாஸ்கீ. இரண்டையும் தராத தளத்தில் முப்பது நொடிச் செயலி.

ஹார்டுவேர் சாவியும் தெய்வம் அல்ல. 2024இல் நிஞ்ஜாலேப் ஆய்வாளர்கள், மறுபடியும் இன்ஃபினியோன் சிப்பில், மின்காந்த அலைகளை அளந்து ரகசியத்தை எடுக்க முடியும் என்று காட்டினார்கள்; யூபிகீ 5 வரிசையின் பழைய சாவிகள் அதில் அடங்கின. அதற்குச் சாவியைத் திருடி, அதன் மேலுறையைப் பிரித்து, விலையுயர்ந்த கருவியின் கீழ் வைக்க வேண்டும். தனிநபரான நான் பயப்பட வேண்டிய எதிரி இவ்வளவு தூரம் வருபவர் அல்லர், பார்சல் குறுஞ்செய்தி அனுப்புபவர்தான். பழைய சாவியையே வைத்திருக்கிறேன்.

யாருக்கு எது

என் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்குக் கைப்பேசிப் பணம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சிப் கார்டு, பின் எண், குறைந்த தினசரி வரம்பு, இணையப் பயன்பாடு முற்றிலும் நிறுத்தம். அறிவிப்பு எனக்கும் வருகிறது. எந்திரத்தில் எண்ணை அழுத்தும்போது இடது கையைக் கூரையாகப் பிடித்து மறைப்பார். யாரும் அருகில் இல்லாதபோதும் அப்படித்தான். அந்தப் பழக்கம் எந்தச் செயலியையும்விட நல்ல பாதுகாப்பு.

வெளியே சுற்றி வேலை செய்பவருக்குக் கைப்பேசிப் பணமே முதல் வழி. ஆனால் பையின் வேறொரு அறையில், கைப்பேசி உறைக்குள் இல்லாமல், ஒரு சிப் கார்டு இருக்க வேண்டும். கைப்பேசி உறையின் பின்னால் கார்டைச் செருகிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ரயில் நிலையம் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒன்றாகவே தொலையும்.

சிறு அலுவலகம் நடத்துபவர் கதவுக்கும் கணினிக்கும் ஒரே கார்டு என்ற ஆசைக்கு இணங்கும் முன், அந்தக் கார்டு தொலைந்த அன்று காலையில் ஊழியர் எப்படி வேலை செய்வார் என்று எழுதிப் பாருங்கள். மாற்றுக் கார்டு தருவது யார், எவ்வளவு நேரத்தில், அவர் விடுப்பில் இருந்தால் யார்? இந்தத் தாள் தயாராகாமல் எந்த முறையும் வாங்க வேண்டாம்.

எனக்கு இரண்டு ஹார்டுவேர் சாவிகள். ஒன்று வீட்டுச் சாவியோடு கோர்த்திருக்கிறது. இரண்டாவது தங்கை வீட்டுப் பீரோவில், மீட்புக் குறியீடுகளை அச்சிட்ட தாளோடு ஓர் உறைக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் எல்லாக் கணக்குகளிலும் பதிவு செய்தேன். ஒன்றை மட்டும் பதிந்து மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தால் அந்த அப்புறம் வருவதில்லை. சென்ற முறை அங்கே போனபோது உறையைப் பிரித்து, தங்கையின் கணினியில் சாவியைச் செருகி, மின்னஞ்சலில் நுழைந்து பார்த்தேன். பச்சை விளக்கு மினுக்கியது, விரலை வைத்தேன், உள்ளே விட்டது. இடையில் தொடங்கிய இரண்டு கணக்குகளில் மட்டும் அந்தச் சாவியைப் பதிய மறந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து பதிந்துவிட்டு, உறையை மறுபடியும் ஒட்டி, மேலே தேதியை எழுதிக் கொடுத்தேன்.